கம்ப்யூட்டரில் ஏறாத ஜாதகம்

"என்கிட்ட திருட என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டார் தங்கமாரியப்பன்.

எஸ்தர் டீச்சர் கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார்.

"நான் என்ன பேங்க் நடத்துறேனா? நகைக்கடை வச்சிருக்கேனா? உரக்கடை மாடியில ரெண்டு ரூம். ஒரு பெஞ்சு, நாலு நாற்காலி, இந்தக் கம்ப்யூட்டர். உள்ள இருக்கிறது பூரா ஜாதகம். அதை எடுத்துட்டுப் போயி எவன் என்ன பண்ணப் போறான்?"

டீச்சர் வயரைச் சுருட்டினார்.

தங்கமாரியப்பனை அருப்புக்கோட்டையில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். ஊரில் அவருக்கு மரியாதை என்று ஒன்று இருந்தால், அது அவர் விசாரிக்கிற விசாரிப்புக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கே போய்விடுவார். டீக்கடையில் கேட்பார். சலூனில் கேட்பார். பால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்பார். குடிக்கிறானா, கை நீட்டுவானா, தாய்க்காரி எப்படி, தாத்தா என்ன செய்தார், எல்லாம் தெரிந்த பிறகுதான் பெண்ணின் போட்டோவை வெளியே எடுப்பார்.

"அண்ணாச்சி சொல்லிட்டாரா? அப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்" என்பார்கள்.

எஸ்தர் டீச்சர் அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு, இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பேச்சு ரொம்பக் கம்மி. அந்த மௌனத்துக்குப் பயந்தே பல கடைக்காரர்கள் அவரிடம் போக மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால் போவார்கள்.

தங்கமாரியப்பன் வேறு வழியில்லாமல்தான் வந்திருந்தார்.

முந்தின நாள் திங்கட்கிழமை. இந்திரகலாவின் அப்பா மையத்துக்கு வந்தார். இந்திரகலா ஸ்கூல் டீச்சர், முப்பத்தோரு வயது, பல வருஷமாக வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்த பிள்ளை.

"சிங்கப்பூர் மாப்பிள்ளை வரலீங்க" என்றார் அந்தப் பெரியவர். "மூணு மாசம் போன்ல பேசினார். வேலையை விடச் சொன்னார், பிள்ளை விட்டுட்டா. நேத்து மதுரை ஏர்போர்ட்டுல மாலையோட நின்னோம். கடைசி ஆள் வெளியே வர்ற வரைக்கும் நின்னோம்."

"எந்தச் சிங்கப்பூர் மாப்பிள்ளை?"

"நீங்க அனுப்பினவர்தான். உங்க பேரைச் சொல்லித்தானே பேசினார். நட்சத்திரம், பாதம், இடது முழங்கையில இருக்கிற மச்சம் வரைக்கும் சொன்னாரே."

மச்சம் இருக்கிற விஷயம் தங்கமாரியப்பனின் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாளே கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு எஸ்தர் டீச்சர் கடைக்கு வந்துவிட்டார். டீச்சர் ஒரு மணி நேரம் பார்த்தார்.

"ஜாதகம் பார்க்கிற சாப்ட்வேர் யாரு போட்டது?"

"மதுரையில இருந்து ஒருத்தர் வந்து போட்டுக் கொடுத்தார். ரெண்டு வருஷம் ஆச்சு."

"காசு கொடுத்து வாங்கினதா?"

தங்கமாரியப்பன் கழுத்தைச் சொறிந்தார். "ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் எழுதின சாப்ட்வேர் டீச்சர். அவரே நேர்ல வந்து லைசென்ஸ் எடுத்துக்கங்கன்னு கேட்டார். அதே சாமானை இவர் சும்மா போட்டுத் தர்றேன்னார். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வச்சிருக்காங்க?"

"போடும்போது என்ன செஞ்சார்?"

"முதல்ல ஆன்டிவைரஸை நிறுத்தணும்னார். அது இருந்தா இது உள்ள போகாதாம். நானே பட்டனை அமுக்கி நிறுத்தினேன்."

"அப்புறம் திரும்பப் போட்டீங்களா?"

"போட்டா சாப்ட்வேர் நின்னுடும்னு சொன்னாரே."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமாரியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனோதானோன்னு போடலை டீச்சர். வளர்பிறை வியாழக்கிழமை, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்த்து, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டித்தான் போட்டேன். பாருங்க, பொட்டு இன்னும் இருக்கு."

இருந்தது. கம்ப்யூட்டரின் நெற்றியில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்தவர் பேரு என்ன அண்ணாச்சி?"

தங்கமாரியப்பன் போனை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அந்த ஆளின் பெயர் அதில் இல்லை.

"மதுரையில எந்தத் தெரு?"

"அது வந்து... செல்போன் கடைக்காரர் தெரிஞ்சவர்னு அனுப்பினார்."

"அந்த சாப்ட்வேர் கூடவே இன்னொண்ணு உள்ள வந்திருக்கு. நீங்க ஏத்தினதை எல்லாம் ரெண்டு வருஷமா வெளியே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் டீச்சர். "ஜாதகம், போட்டோ, போன் நம்பர், எல்லாம்."

"ராஜபாளையத்துக்காரர்கிட்ட கேட்டா ஏதாச்சும் வழி சொல்லுவாரா?" என்று தானே கேட்டு, தானே தலையை ஆட்டிக்கொண்டார் தங்கமாரியப்பன். "எந்த மூஞ்சியோட போய்க் கேட்கிறது?"

பிறகு குரலைத் தணித்தார்.

"டீச்சர், சத்தமில்லாம சுத்தம் பண்ணிக் கொடுத்திடுங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளியே தெரிஞ்சா ஒருத்தன் என் படியேற மாட்டான்."

"அந்த வீடுகளுக்கு எல்லாம் சொல்லணுமே."

"ஆயிரத்து எழுநூறு வீடு டீச்சர்! சொன்னா என் பேரு என்ன ஆகிறது? நடந்தது நடந்துபோச்சு. நான் என்ன பெரிய கம்பெனியா? மறுபடியும் கேட்கிறேன், என்கிட்ட திருட அப்படி என்னதான் இருக்கு?"

டீச்சர் எழுந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஏறாத ஜாதகம் ஒண்ணு கொண்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

"ஏறாத ஜாதகமா? எதுக்கு?"

டீச்சர் அடுத்த கம்ப்யூட்டரைத் திறக்கப் போய்விட்டார்.

*

புதன்கிழமை பூராவும் தங்கமாரியப்பன் மையத்தில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டினார்.

ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நோட்டில் பச்சை மையில் ஒரு டிக் போடுவது அவர் வழக்கம். டிக் இல்லாத பக்கம் ஒன்று கிடைத்தால் போதும். மனுஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்து நோட்டில் ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை. இதற்கு முன் அதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறார். இன்றைக்கு எரிச்சலாக வந்தது.

போன் அடித்தது.

"அண்ணாச்சி, நான் ராஜாமணி பேசுறேன். நர்ஸ் துர்க்காவோட அம்மா."

"சொல்லுங்கம்மா."

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும் அண்ணாச்சி. மஸ்கட் மாப்பிள்ளை எவ்வளவு தன்மையாப் பேசுறார் தெரியுமா? தகப்பன் இல்லாத பிள்ளைன்னு தெரிஞ்சும், அதைப் பத்தி ஒரு வார்த்தை குத்திப் பேசலை."

தங்கமாரியப்பன் கையிலிருந்த நோட்டு நழுவியது.

அவர் எந்த மஸ்கட் மாப்பிள்ளையையும் அனுப்பவில்லை.

"வெள்ளிக்கிழமை சென்னையில நேர்ல பார்க்கணும்னு சொல்லியிருக்கார். நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு துர்க்கா தனியாத்தான் கிளம்புறா. எனக்கு மூட்டுவலி, கூடப் போக முடியலை."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் எப்படி வெளியே போனது என்று கேட்பார். அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிடும்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார். "விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

அந்தம்மா சிரித்தார். "நீங்க அனுப்பின ஆளை நீங்களே விசாரிக்கணுமா? அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சொன்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்போம்."

வைத்துவிட்டார்.

தங்கமாரியப்பன் கீழே கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். நாளைக்குச் சாயங்காலம்தானே, அதற்குள் டீச்சர் ஏதாவது வழி செய்து விடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

"என்னத்தைத் தேடுறீங்க ரெண்டு நாளா?" என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தாத ஜாதகம் ஒண்ணு வேணும்."

"இதுக்கா இந்தப் பாடு?"

அவள் பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைக்கு அடியில் கையை விட்டு, மஞ்சள் தடவிய ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அவர்கள் மகள் செண்பகவல்லியின் ஜாதகம். உள்ளே ஒரு போட்டோவும் இருந்தது.

பச்சை டிக் இல்லை.

"நீங்கதானே வேண்டாம்னீங்க? வீட்டுப் பிள்ளை ஜாதகத்தைக் கடையில போடுறதான்னு கேட்டீங்களே?"

தங்கமாரியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடுகதையை அவிழ்த்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு வாய் கூடவே சாப்பிட்டார். அந்த மனுஷனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

*

வியாழக்கிழமை காலை, டீச்சர் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"கொண்டு வந்துட்டேன் டீச்சர். இது ஏறவே இல்லை. நல்லாப் பாருங்க."

"யாரோடது?"

"என் மகளோடது."

டீச்சர் தலையசைத்தார். உள்ளே போய் தங்கமாரியப்பனின் கம்ப்யூட்டரைத் துடைத்து நடுமேஜையில் வைத்தார். சுத்தம் செய்யவில்லை, அப்படியே இருந்தது. ஸ்விட்சைப் போட்டார். சுருட்டி வைத்திருந்த வயரைப் பிரித்து, அதன் முதுகில் திரும்பச் செருகினார். பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிய ஆரம்பித்தது.

கையை நீட்டினார்.

"கொடுங்க அண்ணாச்சி. இதையும் ஏத்திடலாம்."

தங்கமாரியப்பனுக்கு முதலில் புரியவில்லை.

"எதுல?"

"இதுலதான்."

"இதுலயா?"

"ஜாதகம்தானே. எடுத்துட்டுப் போயி எவன் என்ன பண்ணப் போறான்?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தங்கமாரியப்பன் ஓரடி பின்னால் போனார். நோட்டை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். போட்டோ நழுவிக் கீழே விழப் பார்த்தது. பதறிப்போய்ப் பிடித்தார். பிடித்தவர், அதில் இருந்த முகத்தைத் தரைப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார், அந்த விளக்கின் கண்ணில் படாமல்.

"இப்படி இன்னும் எத்தனை பேர் உள்ள இருக்காங்க?" என்றார் டீச்சர்.

எண்ணிக்கை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முகமும்கூடத் தெரியும். போட்டோவைக் கொடுக்கும்போது அந்த அம்மாமார் முந்தானையில் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தது தெரியும்.

அறுபத்தோரு வயது மனுஷன், கடை வாசலில் ஆட்கள் போய்வர, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

பிறகு குனிந்து, தானே அந்த வயரைப் பிடுங்கினார்.

"டீச்சர், மணி என்ன?"

"ஒன்பது இருபது."

சாயங்காலப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினார்.

"ராஜாமணியம்மா, நான் தங்கமாரியப்பன். பிள்ளையை எங்கேயும் அனுப்பாதீங்க. அந்த மாப்பிள்ளையை நான் அனுப்பலை."

"என்ன அண்ணாச்சி சொல்றீங்க? அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கே."

"என்கிட்ட இருந்துதாம்மா எடுத்திருக்காங்க. துர்க்காவோடது மட்டும் இல்லை, எல்லார் வீட்டுப் பிள்ளைங்களோடதும் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல ஒருத்தனை உள்ள விட்டுட்டேன்."

"யாரு அண்ணாச்சி அவன்?"

தங்கமாரியப்பன் மகளின் நோட்டை இன்னும் நெஞ்சோடுதான் வைத்திருந்தார்.

"தெரியாதும்மா" என்றார். "நான் விசாரிக்கலை."