மான் முத்திரை ஓலைகள்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை மாறவேள் என்னும் அரசன் ஆண்டு வந்தான். அவனது ஆட்சியில், ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, மேகம் கறுத்து, விடாமல் தூறிக்கொண்டிருந்த முற்பகலில், அரசவையில் ஒரு சட்டம் பிறந்தது.

அரசனுக்குப் பொய் ஓலைகள் வந்து குவிந்ததே காரணம். "புதையல் கண்டோம், தோண்டுகூலி அனுப்பினால் பாதி தங்களுக்கு" என்றது ஒன்று. "நரையை ஓரிரவில் கறுப்பாக்கும் தைலம்" என்றது மற்றொன்று. எல்லாவற்றிலும் கருங்குளத்து அஞ்சல் சாவடியின் மான் முத்திரை இருந்தது. மேற்றிசையில் எவர் எழுதினாலும் ஓலைக்கு அங்கேதான் முத்திரை இடப்படும்.

அரசனுக்கு வரும் ஓலைகளைக் கவனிக்கும் ஓலைநாயகம் கொழுந்தீசர் எழுந்தார். "அரசே, மான் முத்திரையைக் கண்டால் பிரிக்காமலே அடுப்பில் இட்டுவிடலாம்."

"நல்ல ஓலைகளும் அவ்வழியேதானே வரும்?" என்றார் அமைச்சர் இளங்காரி.

"நல்லவர்கள் முறையிடட்டும்."

"எவ்வாறு?"

"ஓலை எழுதித்தான்! தங்களுக்குத் தைலம் வராதே என்ற கவலையோ?"

இளங்காரியின் தலை முழுவதும் நரை. அவை சிரித்தது, அரசனும் சிரித்துச் சட்டத்தை ஒப்பினான்.

மழை வலுத்தது. ஒருநாள், கருங்குளத்து ஏரி வாரியத் தலைவன் எயினன் நனைந்தபடி அமைச்சரின் வாயிலில் நின்றான்.

"ஐயா, ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கிறது. அரசாணை இல்லாமல் பெரிய மடையைத் திறந்தால் சிறை. திறக்காவிட்டால் கீழே உள்ள ஊர்கள் மிஞ்சா. எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. மன்னருக்கு எங்கள்மேல் என்ன கோபம்?"

இளங்காரி அவனை அவைக்கு அழைத்துச் சென்றார்.

"புதையல் போய் இப்போது ஏரியா?" என்றார் கொழுந்தீசர். அரசன் தலையாட்டினான்.

அமைச்சர் வாதிடவில்லை. "அது கிடக்கட்டும், அரசே. மழைக்குக் காட்டுப்பன்றிகள் கருங்குளம்வரை இறங்கியுள்ளனவாம்."

வேட்டை என்றால் அரசனுக்கு மழையும் வெயிலே. "பல்லக்கு? சமையற்காரர்?"

"அவை எதற்கு? வேண்டும்போது ஓர் ஓலை எழுதினால் வந்துவிடும்."

மறுநாள் கருங்குளத்தை அடைந்தபோது சேற்றில் குதிரைகள் நொண்டின. பன்றி ஒன்றும் தென்படவில்லை. அரசன், யானையும் உணவும் அனுப்புமாறு சாவடியிலிருந்து எழுதினான். பதில் இல்லை. "தாமதித்தால் தலை போகும்" என்று மீண்டும் எழுதினான். அதற்கும் பதில் இல்லை.

எயினன் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தான். அதைக் குடித்துவிட்டு அரசன் கரைமேல் நடந்தான். விரிசலில் கை நுழைந்தது. உள்ளே நீர் ஓடியது. கீழே ஓர் ஊரில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"திறவுங்கள் மடையை!" என்று கத்தினான்.

அரசன் மாட்டுவண்டியில் அரண்மனை திரும்பினான். கொழுந்தீசர் மலர்ந்த முகத்துடன் எதிர்கொண்டார்.

"அரசே, சட்டம் நன்றாக வேலை செய்கிறது! மான் முத்திரை ஓலைகள் இரண்டை அடுத்தடுத்து எரித்தேன். அவற்றைக் கொண்டுவந்த ஓட்டக்காரன், 'அரசரே கொடுத்தார்' என்று சத்தியம் செய்தான். நான் நம்புவேனா?"

அவையில் எவரும் சிரிக்கவில்லை.

"எழுதியவன் நான்தான்" என்றான் அரசன்.

மடை திறந்ததால் கரை நின்றது. ஆயினும் எயினனின் முதல் ஓலை எரிந்த வாரத்திலேயே, விரிசலில் கசிந்த நீர் தேங்கித் தாழ்நிலத்து நெல் அழுகிவிட்டது. அதற்கு ஈடு அளிக்கப்பட்டது. சட்டம் நீக்கப்பட்டது. இளங்காரிக்குப் பொற்பதக்கமும், கொழுந்தீசருக்குக் கருங்குளத்துச் சாவடியில் ஒவ்வோர் ஓலையையும் பிரித்துப் படிக்கும் வேலையும் கிடைத்தன. பொய் ஓலை எழுதியவர்களோ, சட்டம் வந்த உடனேயே கீழ்த்திசைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.