வாய்பாட்டுக்கு நடந்த செக்குமாடு

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள். ராஜாக்கள் யானைமேல் போன காலத்தில், மருதங்குறிச்சி என்ற ஊரில் அம்பலவாணச் செட்டியார் என்றொரு எண்ணெய்ச் செட்டியார் இருந்தார். அவருக்குத் தம் செவலை மாட்டைப் பற்றி ஏகப் பெருமை. "எஞ் செவலைக்குத் தார்க்குச்சி வேணாம், அதட்டல் வேணாம், பின்னால ஆளும் வேணாம். தானா செக்கைச் சுத்தும்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

செக்குக்குப் பக்கத்திலேயே ஊர்ப் பள்ளிக்கூடம், ஒரு கீற்றுக்கொட்டகை. காலை முதல் மாலை வரை தாண்டவராய வாத்தியாரின் பிள்ளைகள் வாய்பாடு சொல்லும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

ஒரு வருஷம் அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. கார்த்திகைத் தீபத்துக்கு இருபது குடம் நல்லெண்ணெய் வேண்டும். குறித்த நாளில் கொடுத்தால் சபையில் பட்டுத் தலைப்பாகை. தவறினால், மூன்று தலைமுறையாகக் கோயிலுக்கு எண்ணெய் கொடுத்துவந்த உரிமை போய்விடும்.

செட்டியார் நேரே நாட்டாண்மையிடம் போனார். "இந்தக் காக்காக் கூட்டம் பக்கத்துல கத்திக்கிட்டிருந்தா நான் எப்படி வேலை பாக்குறது?" என்றார். நாட்டாண்மையும் பள்ளிக்கூடத்தை ஏரிக்கு அக்கரையிலுள்ள தோப்புக்கு மாற்றிவிட்டார். வாத்தியாரும் பிள்ளைகளும் தாங்கள் எழுதிப் பழகும் மணலைக் கூடையில் அள்ளிச் சுமந்துகொண்டு போனார்கள்.

மறுநாள் செட்டியார் செவலையைச் செக்கில் பூட்டினார். அது நகரவில்லை. பருத்திக்கொட்டை வைத்தார், தின்றுவிட்டு நின்றது. கழுத்தில் சலங்கை கட்டினார். ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு நின்றது. கடைசியில் தார்க்குச்சியே எடுத்தார், அது படுத்தேவிட்டது.

மூன்றாம் நாள் ஏரிக்காற்று இந்தப் பக்கம் வீசியது. அக்கரை வாய்பாடு லேசாகக் காதில் விழுந்தது. செவலை எழுந்து நாலு அடி நடந்தது. காற்று திரும்பியதும் நின்றது. செட்டியாருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. கன்றாக வந்த நாள் முதல் அது அந்தப் பாட்டுக்குத்தான் நடந்திருக்கிறது!

தாமே வாய்பாடு சொல்லிக்கொண்டு மாட்டோடு நடந்து பார்த்தார். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு... மூவேழு..." செட்டியார் நின்றார். மாடும் நின்றது.

"மாட்டுக்குத் தெரிஞ்ச வாய்பாடு உங்களுக்குத் தெரியலியே!" என்றாள் அவர் மனைவி உண்ணாமுலை.

உரிமை போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. துரத்தியவர்களிடமே போய் நிற்பதும் லேசில்லை. பாதி வழியில் இரண்டு தரம் திரும்பினார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தார்.

"எங்களைக் காக்கான்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள் வடிவு என்ற சிறுமி.

"சொன்னேன் தாயி. புத்தி கெட்டுச் சொன்னேன். உங்க வாய்பாடு கேக்காம எஞ் செவலை நடக்கல, செக்கு ஓடல."

வாத்தியார் சிரித்தார். "பிள்ளைகளே, மணலை அள்ளுங்க. நம்ம மாணாக்கன் ஒருத்தன் செக்கடியில காத்திருக்கான்" என்றார்.

கொட்டகை மறுபடி நிறைந்தது. ஏழாம் வாய்பாட்டுக்கு நடந்த செவலை பதினாறாம் வாய்பாட்டுக்கு ஓடியது. தீபத்துக்கு முந்தின நாளே இருபது குடமும் நிறைந்தன.

சபையில் ராஜா செட்டியாருக்குப் பட்டுத் தலைப்பாகையைக் கட்டிவிட்டு, "உம்முடைய மாடு தானாகவே செக்கைச் சுற்றுமாமே?" என்று கேட்டார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெருமையெல்லாம் அவருக்குத்தான். செட்டியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இல்லீங்க மகாராஜா. எங்க ஊர்ப் பிள்ளைங்க படிக்கிற சத்தத்துக்குத்தான் அது சுத்துது. மாடே மயங்குற மாதிரி படிக்கிற பிள்ளைங்க வேற எந்த ஊர்ல உண்டு, சொல்லுங்க!"

சபை ஆரவாரித்தது. ஊர் திரும்பியதும் அந்தப் பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துப் பள்ளிக்கூடக் கொட்டகையின் முன்தூணில் கட்டினார். வெறுந்தலையோடு தெருவில் நடந்தார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

தன் உயர்வில் அண்டை அயலாருக்கும் பங்கு உண்டு என்று சபையறியச் சொல்கிறவனே பெருமைக்கு உரியவன்.