பெருவாலன் படுக்கை

காட்டோரக் குளத்தங்கரையில் ஒரு நாய்க் கூட்டம் இருந்தது. அதற்குப் பெருவாலன் தலைவன். புங்கமரத்து வேருக்கடியில், வெயிலே படாத ஒரு குழியில் அவன் படுப்பான். அதிலிருந்த சருகை யாரும் கிளறக் கூடாது. கிளறினால் தலைவனை அவமதித்ததாக ஆகும். நன்றாகக் காவல் காத்த நாய்க்கு ஒரு மரியாதை உண்டு. மழைக்காலம் முழுக்க அது தலைவனோடு அந்தக் குழியில் படுக்கலாம்.

அந்த வருஷம் செவலை என்ற பெட்டை நாய்க்கு அது கிடைத்தது. சிறுத்தை வந்த அன்று முதலில் குரைத்தவள் அவள்தான். தன் இரண்டு குட்டிகளோடு போய்ப் படுத்தாள்.

மழை ஓய்வதற்குள் அவளுக்கு அரிப்பு வந்தது. சொறிந்த இடம் புண்ணானது. காதோரமும் முதுகிலும் மயிர் உதிர்ந்தது. சின்னக் குட்டி பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தது. அதன் ஈறு வெளுத்திருந்தது.

பெருவாலனும் சொறிவான். அவனுக்கு அடர்ந்த மயிர். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அவன் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தால், அண்ணன் யோசிக்கிறார் என்று மற்ற நாய்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அதையே செவலை செய்தபோது சொறிநாய் என்றன.

சுழியன் என்ற நாய்தான் பேச்சைக் கிளப்பினான். அவள் குளத்தில் வாய் வைத்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும், குட்டிகளோடு வெளியே அனுப்ப வேண்டும் என்றான். கூட்டம் கூடியது.

எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா ஒன்று கிளையில் இருந்தது. குழியின் வெடிப்பெல்லாம் உண்ணி மொய்க்கிறது, அதைச் சுத்தம் செய்யாமல் யாரைத் துரத்தி என்ன பயன் என்று கேட்டது.

"உண்ணி தின்கிறவனுக்கு எங்கே பார்த்தாலும் உண்ணிதான்" என்றான் சுழியன். எல்லோரும் சிரித்தார்கள்.

செவலை சிரிக்கவில்லை.

"மரியாதைன்னு கூப்பிட்டீங்க, வந்தேன். உங்க படுக்கையில படுத்துத்தான் எனக்கு இது வந்தது. துரத்துறதுக்கு முன்னால அந்தச் சருகை ஒரு தடவை கிளறிப் பாருங்க. என் பிள்ளை சாகக் கிடக்கு."

பெருவாலன் பின்னங்காலைத் தூக்கினான். அண்ணன் யோசிக்கிறார் என்று கூட்டம் காத்திருந்தது. யோசித்து முடித்ததும் அவளைப் போகச் சொன்னான். ஒரு நாய்கூடக் குழிப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

செவலை சின்னதை வாயில் கவ்விக்கொண்டு, பெரியது பின்னால் வர, அக்கரைப் பாறைக்குப் போனாள். மைனாவும் போனது. மூவரின் உடம்பிலும் உண்ணி பொறுக்கியது. பாறையில் வெயில் நன்றாக விழுந்தது. செவலையின் புண் மெல்ல ஆறியது. பெரிய குட்டி தேறியது. சின்னது செத்துப்போனது. அதன் ரத்தமெல்லாம் அந்தக் குழியிலேயே போயிருந்தது.

காலியான இடம் சுழியனுக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளில் அவன் முதுகும் மொட்டையானது. அவனுக்கும் அதே தீர்ப்பு. பாறைக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"அக்கா, கொஞ்சம் இடம் குடு."

"இப்ப அங்க யாரு படுக்குறது?"

"கருப்பி. இன்னிக்குப் படுக்கப் போறா. குட்டிகளோட."

செவலை எழுந்தாள். அந்தக் குழியைக் கிளற அவனையும் கூப்பிட்டாள். அண்ணன் வருத்தப்படுவார் என்றான் அவன். அவள் அவனை விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடந்தாள்.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, குழிக்குள் இறங்கினாள். பெருவாலன் உறுமினான். அவள் சருகை முன்னங்கால்களால் வாரி வாரி வெளியே எறிந்தாள். உண்ணிகள் கொத்துக் கொத்தாக வெயிலில் விழுந்து ஓட இடமில்லாமல் நெளிந்தன. குழியோரம் நின்ற கருப்பி தன் குட்டிகளைக் கவ்விப் பின்னுக்கு இழுத்தாள்.

ஒரு கிழநாய் முன்னால் வந்து எட்டிப் பார்த்தது.

"அடப்பாவமே, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

செவலை அதன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொன்னேன்" என்றாள்.

நோய் கண்டவரைத் துரத்திவிட்டு, நோய் பிறக்கும் இடத்துக்கு மரியாதை செய்கிற கூட்டம் தன் குட்டிகளைத் தானே கொல்கிறது.