ஓணான் தலையாட்டியது, நீர்நாய் நம்பியது

அல்லிக்குளத்துக் கல்லூரியில் படித்த நீர்நாய், நீச்சல் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனாலும் அதற்குத் தலைகால் புரியவில்லை!

முதல்வர் கொக்கு அதைக் கூப்பிட்டது.

"உன் வகுப்பு ஓணானுக்கு நீச்சலில் அரியர். இரண்டு தடவை குளத்தில் இறங்கியும் தேறவில்லை. இந்தத் தடவையும் போனால் கல்லூரியை விட்டே அனுப்ப வேண்டியதுதான். கூடப் படிக்கிறவன் சொன்னால் மண்டையில் ஏறும். நீ சொல்லிக் கொடு!"

அவ்வளவுதான்! மறுநாளே நீர்நாய் கழுத்தில் 'ஆசிரியர்' என்று எழுதிய ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு குளக்கரைப் பாறைமேல் ஏறி நின்றது.

"இனிமே என்னை 'டா' போட்டுப் பேசாதே. சார்னு கூப்பிடு!"

நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதனோடு அரட்டை அடித்த ஓணான் விழித்தது. "சரி... சார்!"

மூன்று வாரம் நீர்நாய் தண்ணீரில் காலை நனைக்கவே இல்லை. பாறைமேல் நின்றபடி ஒரே பேச்சு!

"வாலைச் சுழற்று! நீரைத் தள்ளு! மூச்சை அடக்கு! புரிஞ்சுதா?"

ஓணான் தலையை ஆட்டியது. நீர்நாய்க்குப் பரம திருப்தி.

பரீட்சைக்கு முதல் நாள், அணில் அந்தப் பக்கம் வந்தது. போன வருஷம் தட்டுத்தடுமாறி நீச்சலில் தேறிய அணில் அது.

"நான் சொன்னா கல்லுக்கும் புரியும்! ஓணானைப் பாரு, எல்லாத்துக்கும் தலையாட்டுறான்!" என்று நீர்நாய் பீற்றிக்கொண்டது.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "அட மக்கு! ஓணான் எதுக்குத்தான் தலையாட்டாது? வேற ஏதாவது கேட்டுப் பாரேன்!"

நீர்நாய் சட்டென்று ஓணான் பக்கம் திரும்பியது.

"ஓணானே, நேத்து நீ ஒரு யானையை முழுசா முழுங்கினியா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"ஐயையோ! நாளைக்குப் பரீட்சைடா! புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஓணானின் கண் கலங்கிவிட்டது. "நீ பழைய ஆளா இருந்திருந்தா, 'போடா, ஒண்ணும் புரியலை'ன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். சார்கிட்ட எப்படிச் சொல்றது? வெட்கமா இருந்துச்சு."

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. பாறையை விட்டு இறங்கி வந்து ஓணான் பக்கத்தில் உட்கார்ந்தது.

"சரி, விடுடா. எந்த இடத்துல பயமா இருக்கு?"

"மூக்குல தண்ணி ஏறுது. மூச்சை எப்ப விடணும்?"

நீர்நாய் திருதிருவென்று விழித்தது. பிறந்ததிலிருந்து தானாக நடக்கிற காரியத்தை அது யோசித்ததே இல்லை! வெட்கத்தை விட்டு அணிலைக் கேட்டது.

"நாலு உதை உதைச்சதும் ஒரு தடவை தலையைத் தூக்குவேன்," என்றது அணில். "நானும் முதல்ல வயிறு நிறையத் தண்ணி குடிச்சவன்தான்!"

பொழுது சாயும்வரை மூன்றும் குளத்திலேயே கிடந்தன. ஓணான் பத்துத் தடவை முங்கியது, பத்துத் தடவையும் "புரியலைடா!" என்று கத்தியது. நீர்நாயும் சலிக்காமல் மறுபடி மறுபடி செய்து காட்டியது.

மறுநாள் ஓணான் குளத்தைத் தாண்டிவிட்டது! அழகாக ஒன்றும் நீந்தவில்லை. இருமிக்கொண்டே கடைசி ஆளாகத்தான் கரையேறியது. நாற்பது மதிப்பெண், தேறிவிட்டது! தன்னுடைய நூறுக்குக்கூட நீர்நாய் அப்படிக் குதித்ததில்லை.

சொல்லிக் கொடுக்க வந்தவன் மேட்டில் ஏறி நின்றால், கேட்க வந்தவன் தலையைத்தான் ஆட்டுவான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பான்.