நெல்லிக்காய் லென்ஸில் விழுந்த தர்பார்

கொன்றையூர் சமஸ்தானத்து ராஜா மார்த்தாண்ட பூபதிக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே ஜுரம் வரும். இந்தத் தடவை போட்டோ ஆசை. பிரதானிகள் நாற்பது பேரும் ஒரே படத்தில் விழ வேண்டும். இரண்டாவது வரிசை கூடாது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பது அந்தச் சபையில் பெரிய அவமானம். மண்டபமோ நீளம் அதிகம், அகலம் கம்மி. காமிராவைப் பின்னால் தள்ளினால் சுவர் இடித்தது.

போட்டோகிராபர் தேவசகாயம் அசரவில்லை. பெட்டி போன்ற பெரிய மரக் காமிராவில் நெல்லிக்காய் அளவு லென்ஸ் ஒன்றை மாட்டினார்.

"இது இந்த மூலை முதல் அந்த மூலை வரை பார்க்கும், மகாராஜா."

பார்த்தது. மறுநாள் படம் வந்தது. நடுவில் ராஜா ராஜாவாகவே இருந்தார். அவரைவிட்டுத் தள்ளிப் போகப் போக ஆட்கள் அகலமானார்கள். களஞ்சிய அதிகாரி கனகசபாபதி கடைசி நாற்காலிக்காரர். நிஜத்தில் ஊதினால் பறக்கிற ஆள். படத்தில் பூசணிக்காய்த் தலையோடு நாற்காலி கொள்ளாமல் வழிந்தார். களஞ்சியம் காலி என்று மூன்று மாதமாக அழுதுகொண்டிருந்தவரும் அவர்தான்.

"ஒரு வேளை கஞ்சி குடிக்கிறவன் நான்! ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? இந்தப் பொய்க் கண்ணாடியை உடையுங்கள், மகாராஜா!"

"உடையுங்கள்" என்றார் ராஜா. தேவசகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. லென்ஸ் போனால் பிழைப்பே போச்சு.

விகடகவி சோணாசலம் எழுந்தார். "அதற்குமுன் ஒரு சோதனை. அதிகாரி தங்கள் பக்கத்தில் உட்காரட்டும். கடைசி நாற்காலியில் நான்."

இன்னொரு படம் எடுத்தார்கள். அதிகாரி ஈர்க்குச்சி. சோணாசலம் பலாப்பழம்.

"இதென்னய்யா மாயம்?"

"மாயமில்லை, மகாராஜா. தங்கள் பக்கத்தில் இருக்கிறவன் அளவாக இருக்கிறான். தள்ளி இருக்கிறவன் கொழுக்கிறான். ஒரே நாளில் எனக்கே இந்தக் கதி. இவர் தள்ளி உட்கார்ந்து பதினைந்து வருஷம். கண்ணாடி சொல்வது பொய்யா என்று அவர் வீட்டையே போய்ப் பார்த்துவிடலாமே!"

அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "வேண்டாம், மகாராஜா! முதல் படம் தத்ரூபம்! நான் அப்படித்தான் இருப்பேன்!"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிச் சோணாசலம் கையில் போட்டார். பிறகு போட்டோகிராபரைப் பார்த்தார்.

"லென்ஸை எடும் ஐயா, கிளம்பலாம். இவர் வீட்டு நெல் மூட்டை ஒன்றுவிடாமல் படத்தில் விழ வேண்டும். இரண்டாவது வரிசை இருந்தாலும் பரவாயில்லை!"