கறுக்காத சுவரு

இந்தக் கதையில குருவுக்குத் தாடி கெடையாது. தாடி சிஷ்யனுக்குத்தான், அதுவும் நரைச்ச தாடி. குரு யாருன்னா, அவரோட சொந்தத் தங்கச்சி.

பாண்டிச்சேரியில இருந்து பாகூர் போற ரோட்டுல அவங்க குடும்ப ஆலை இருந்துச்சு. மக்காச்சோளத்தக் காய்ச்சி வடிச்சு, உள்பக்கம் தீயில கருக்கின ஓக் மரப் பீப்பாயில அடைச்சு, வருஷக்கணக்குல ஊறவெச்சு விப்பாங்க. அமெரிக்காக்காரன் இதுக்குப் போர்பன்னு பேரு வெச்சிருக்கான். இவங்க வெச்ச பேரு மூணு கொக்கு. கொக்கு ஏன்னு கேட்டா, லேபிள் போட்ட ஆளுக்கு அது ஒண்ணுதான் வரையத் தெரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க.

பீப்பா குடோன் வாசல்ல, கதவுக்கு மேல மூணு பேரு எழுதியிருந்துச்சு. சூசை. அந்துவான். லூர்துநாதன். தலைமுறைக்கு ஒண்ணு. வெள்ளைப் பெயிண்ட்ல எழுதினதுதான், ஆனா சுவரு பூரா கரிபூசின மாதிரி கறுத்துப் போயி, பேரும் அதோட கறுத்துப் போச்சு. ஏணி போட்டு வெரலால தடவித்தான் படிக்கணும்.

நாலாவது பேரு தனிஸ்லாஸோடது. ஆனா சும்மா எழுதிட முடியாது. வீட்டு மூத்த புள்ள ஒரு பீப்பா நெரப்பணும். ஆறு வருஷம் கழிச்சு மாதா திருநாளன்னிக்குத் தொறக்கணும். முந்தின தலைமுறை எடுத்து வெச்ச பாட்டிலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பங்காளிங்க குடிச்சுப் பாப்பாங்க. தேறினா பேரு.

அப்பா லூர்துநாதன் செத்த வருஷம், பங்காளிங்க அதுல இன்னொரு வரி சேத்தாங்க. "ஆறு வருஷம் பாப்போம்பா. தேறலன்னா ஆலைய வித்துடுவோம்" அப்டின்னாரு ஞானாதிக்கம் சித்தப்பா. மத்த ரெண்டு சித்தப்பாவும் தலையாட்டினாங்க. தலையாட்டுறதுதான் அவங்க வேலையே.

தனிஸ்லாஸ் துபாய்ல இருந்து வந்து எறங்கினாரு. இருபத்திரண்டு வருஷம் அங்க ஏசி வித்தவரு. பாலைவனத்துக்கே ஸ்வெட்டர் மாட்டிவிட்ட மனுஷன்.

தங்கச்சி பிலோமினா அந்த இருபத்திரண்டு வருஷமும் ஆலையிலயே கெடந்தவ. எந்தப் பீப்பா பழுத்துச்சு, எது இன்னும் காயின்னு பக்கத்துல போயி மோந்தே சொல்லிடுவா. "பேரு உனக்குண்ணா, சாவி எனக்கு" அப்டின்னு மொத நாளே பேசி முடிச்சுட்டா.

தனிஸ்லாஸ் பீப்பாய நெரப்பினாரு. இருநூறு லிட்டரு. அடுத்த நாளே கேள்வி கேட்டாரு.

"பிலோ, மேல அடுக்கியிருக்கிற பீப்பாயெல்லாம் கொறையுதே, ஓட்டையா?"

"இல்லண்ணா. ஆவியாப் போவுது. அது படிஞ்சுதான் வெளிச்சுவரு கறுக்குது."

"எவ்ளோ?"

"வருஷத்துக்குப் பத்துல ஒரு பங்கு. வெயிலு ஜாஸ்தின்னா கொஞ்சம் கூட."

"கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்தா?"

"ஆமா."

"நாலு தலைமுறையா பாத்துக்கிட்டே இருக்கீங்களா? அத எப்பிடி நிறுத்துறது?"

பிலோமினா சாவிய எடுத்தா. குடோனுக்கு ஒட்டினாப்ல இருந்த காலி ரூமத் தொறந்துவிட்டா.

"உன் பீப்பா. உன் இஷ்டம்."

ஒரே வாரத்துல அந்த ரூமுல ரெண்டு டன் ஏசி ஏறிச்சு. வெளிச்சுவத்துக்குச் சுண்ணாம்பும் அடிச்சாரு. பீப்பாய உள்ள வெச்சாரு. வேலக்காரங்க மத்தியானம் சாப்பிட்டு அங்க போயி படுத்துக்க இடம் கேட்டாங்க. அவரு தரல. சாராயத்துக்கு ஜலதோஷம் புடிக்காம இருந்தா சரின்னு சொல்லிட்டுப் போனாங்க.

ரெண்டு வருஷம் ஓடிச்சு. பெரிய குடோன் சுவரு வழக்கம்போல கறுப்பு. தனிஸ்லாஸ் சுவரு பாலு மாதிரி வெள்ளை. கம்பி விட்டு அளந்து பாத்தாரு. எறக்கம் நகத்தளவு கூட இல்ல.

"பாத்தியா பிலோ. நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுண்ணா" அப்டின்னா அவ. அவ சொன்ன தொனி அவருக்குப் புடிக்கல.

அது கத்திரி வெயிலு நேரம். மத்தியானம் ஒரு மணி. பிலோமினா அவரக் கூட்டிக்கிட்டு குடோன் மேல்தளத்துக்குப் போனா. மேல தகரக் கூரை. அடுப்புக்குள்ள எறங்கின மாதிரி இருந்துச்சு.

"ஒக்காருண்ணா."

"எவ்ளோ நேரம்?"

"சட்டை நனையிற வரைக்கும்."

"அது ஏறும்போதே நனஞ்சிடுச்சு."

"அப்போ பனியன் நனையட்டும்."

ஒக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. டொக். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு கிர்ர். மறுபடி இந்தப் பக்கம் ஒரு டொக். ஆளே இல்லாத எடத்துல யாரோ கட்டில்ல பொரண்டு படுக்குற மாதிரி.

"இன்னா அது?"

"மரம். வெயிலுக்கு வாயத் தொறந்து குடிக்குது. ராவுல சில்லுன்னு ஆனதும், நெறமும் ருசியும் சேத்துத் திருப்பித் துப்பும்."

அப்புறம் ஏசி ரூமுக்குக் கூட்டிக்கிட்டு வந்தா. ரெண்டு பேரும் நின்னாங்க. வேர்வ காஞ்சுது.

"இங்க இன்னா கேக்குதுண்ணா?"

அவரு காதக் குடுத்துக் கேட்டாரு. "ஏசி."

"பீப்பா?"

அவரு பீப்பாமேல காத அமுக்கி வெச்சாரு. ஒண்ணும் கேக்கல.

பிலோமினா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் நெரப்பின அதே வாரம் தானும் நெரப்பின மேல்தளத்துப் பீப்பாயில இருந்து ஒரு கிளாசும், அண்ணன் பீப்பாயில இருந்து ஒரு கிளாசும் எடுத்து சன்னல்ல வெச்சா. மொத கிளாசு நெறத்துல புளிச்சாறு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது, கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்குக் குடுக்குற டீ மாதிரி. தனிஸ்லாஸ் தன்னுதக் குடிச்சுப் பாத்தாரு. தொண்டையில தீக்குச்சி உரசினாப்ல எறங்கிச்சு. மத்ததையும் குடிச்சாரு. அப்புறம் அந்தக் கிளாசக் கீழ வைக்கவே இல்ல.

"எனக்கு ரெண்டு வருஷம் போச்சா பிலோ?"

"நாலு இருக்குல்ல."

அன்னிக்குச் சாயந்தரமே அவரு கையாலயே ஏசிய கழட்டினாரு. இருபத்திரண்டு வருஷத்துல மாட்டித்தான் பழக்கம், கழட்டி இல்ல. அதக் கோயிலுக்குக் குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் சாமியாரு பிரசங்கம் ஞாயித்துக்கிழமைக்கு அரை மணி நேரம் நீண்டுச்சு, ஊரே தனிஸ்லாஸத் திட்டிச்சு. பீப்பாய அண்ணனும் தங்கச்சியும் பலகை போட்டு மேல்தளத்துக்கு உருட்டி ஏத்தினாங்க. அவருக்கு ஒரு மாசம் இடுப்பு நிமிரல.

அதுக்கப்புறந்தான் அவரு உண்மையிலயே பயந்தாரு. மாசா மாசம் கம்பி விட்டுப் பாத்தாரு. கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அவரும் அதோட சேந்து மெலிஞ்சாரு.

"பிலோ, நூத்திநாப்பதுக்கு வந்துடுச்சு. லேசாப் புதுசு ஊத்தி நெரப்பட்டுமா?"

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"உன்கிட்ட."

"அங்கயே இருக்கட்டும்."

ஆறாவது வருஷம் மாதா திருநாள் வந்துச்சு. மூணு சித்தப்பாவும் வெள்ளை வேட்டியில வந்தாங்க. ஞானாதிக்கம் சித்தப்பா கக்கத்துல, ஆலைய வாங்கிக்கிறேன்னு பெங்களூரு கம்பெனி அனுப்பின பத்திரம். பேனாவும் சொருகித்தான் கொண்டாந்தாரு.

பீப்பாயத் தொறந்தாங்க. கம்பி விட்டுப் பாத்தா நூத்திப்பத்து லிட்டரு.

"பாதி போச்சேப்பா" அப்டின்னாரு சித்தப்பா.

"போச்சு சித்தப்பா" அப்டின்னாரு தனிஸ்லாஸ். கம்பியத் தொடச்சு வெச்சாரு.

மேசையில ரெண்டு கிளாசு. ஒண்ணுல லூர்துநாதன் பீப்பாச் சரக்கு. ஒண்ணுல புதுசு. அந்த வீட்டு வழக்கப்படி யாரும் நல்லாருக்கு, நல்லால்லன்னு வாயத் தொறக்கக் கூடாது. புதுசு தேறினா, பழைய கிளாசக் கவுத்து வெக்கணும். தேறலன்னா புதுசக் கவுத்துடணும்.

சித்தப்பா மொதல்ல தன் அண்ணனுதக் குடிச்சாரு. கண்ண மூடினாரு. அப்புறம் புதுசு. வாயில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு. மத்த ரெண்டு பேரும் எப்பத் தலையாட்டணும்னு தெரியாம அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சித்தப்பா பழைய கிளாசக் கவுத்தாரு.

அது மட்டும் இல்ல. கக்கத்துல இருந்த பத்திரத்த எடுத்து மேசையில விரிச்சு, அதுமேல புதுக் கிளாச வெச்சாரு. ஈரம் பத்திரத்துல வட்டமா எறங்கிச்சு.

"இன்னொண்ணு ஊத்து" அப்டின்னாரு.

பிலோமினா ஊத்தினா. அவரு அதையும் பத்திரத்து மேலயே வெச்சுக் குடிச்சாரு. மத்த ரெண்டு சித்தப்பாவும் அன்னிக்குத் தலையாட்டின ஆட்டத்துல சுளுக்காமப் போனது மாதா புண்ணியம். வெளிய வேலக்காரங்க வெடி போட்டாங்க. துபாய்க்குப் போன தாடிக்காரன் தேறிட்டான்னு பாகூர் ரோடு வரைக்கும் சேதி போச்சு.

மறுநாள் காலையில பெயிண்டரு வந்தாரு. ஏணியச் சாத்திட்டு சுத்தி ஒரு பார்வ பாத்தாரு.

"இன்னா சார், சுவரு இவ்ளோ கறுப்பா கெடக்குது? மொத்தமா வெள்ளையடிச்சுட்டு பேரு எழுதட்டுமா?"

"சுவத்துல கைய வெக்காத. பேரு மட்டும்" அப்டின்னாரு தனிஸ்லாஸ்.

பெயிண்டரு எழுதினாரு. தனிஸ்லாஸ். மூணு கறுத்த பேருக்குக் கீழ ஒரு வெள்ளைப் பேரு, பளிச்சுன்னு. அம்பது வயசு தாண்டின மனுஷன் ஸ்கூல் புள்ள மாதிரி அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. மெதுவா மேல இருந்த பேருங்கமேல கண்ணு போச்சு. அப்பா பேரு எங்க தொடங்குதுன்னே தெரியல.

"பிலோ."

"இன்னாண்ணா?"

"என் பேரும் ஒருநாள் இப்பிடிக் கறுத்துப் போயிடுமா?"

பிலோமினா இடுப்புல இருந்த சாவிய எடுத்து அவரு கையில வெச்சா.

"கறுக்கலன்னா, எவனோ உள்ள ஏசி மாட்டிட்டான்னு அர்த்தம். ஓடிப்போயி கழட்டு."