மூன்று சொட்டும் முள்ளெலி நாச்சியும்

மஞ்சக்காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. குளக்கரையில், மருத மரத்தடியில் விலங்குகளின் மருத்துவமனை நடந்து வந்தது. அங்கே இரண்டு செவிலிகள் வேலை பார்த்தன. ஒன்று வஞ்சி என்ற நாரை. மற்றது நாச்சி என்ற முள்ளெலி.

வஞ்சி பதிவுச் செவிலி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் செவிலியர் பள்ளியில் படித்துத் தேறியது. மருந்துக் குடுக்கையைத் திறந்து, யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்க அதற்கு உரிமை உண்டு.

நாச்சி உதவிச் செவிலி. புண்ணைக் கழுவும். கட்டுப் போடும். கஞ்சி ஊட்டும். நோயாளிகளைக் குத்திவிடாமல் தன் முட்களை அழுத்திப் படியவைத்துக்கொள்ள அது நன்றாகப் பழகியிருந்தது. "நாச்சி கட்டுப் போட்டா வலியே தெரியாது!" என்று காடே சொல்லும். ஆனால் மருந்துக் குடுக்கையை மட்டும் அது தொடக் கூடாது.

ஒவ்வொரு மழைக்காலமும் பள்ளி திறக்கும்போது வஞ்சி கேட்கும்: "நாச்சி, இந்த மழைக்காவது படிக்கப் போறியா?"

"அடுத்த மழைக்குப் பார்க்கலாம் அக்கா! குட்டிங்க இன்னும் சின்னது" என்று சொல்லிவிட்டு நாச்சி பந்தாகச் சுருண்டுகொள்ளும். பயம் வந்தால் அது அப்படித்தான். இப்படியே ஏழு மழைக்காலம் போய்விட்டது. குட்டிகள் தாங்களே கரையான் பிடித்துத் தின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. நாச்சிக்குப் படிப்பின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. தோற்றுப்போனால் காடே சிரிக்குமே என்ற பயம்தான்.

அந்தப் பயத்துக்குத் தூபம் போட ஒரு ஆளும் இருந்தது. மருத்துவமனையைப் பெருக்கும் பெருச்சாளி தொப்பையன்! "உனக்கு எதுக்கு நாச்சி இந்த வயசுல படிப்பு? இருக்கிற வேலை போதாதா?" என்று அது அடிக்கடி சொல்லும். நாச்சி போய்விட்டால் கட்டுத் துணி துவைக்கும் வேலை தன் தலையில் விழுமே என்பது தொப்பையனின் கவலை. அதை மட்டும் அது சொல்லாது.

ஒரு நாள் நண்பகல். எருமைக்குப் பிரசவம் பார்க்க வஞ்சி எதிர்க்கரைக்குப் போயிருந்தது. அப்போது கேளையாடு என்ற சின்ன மான் ஒன்று தன் குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது.

"கதண்டுக் குளவிக் கூட்டை மிதிச்சிட்டான்! உடம்பெல்லாம் கொட்டிடுச்சு! காப்பாத்துங்க!"

நாச்சி குட்டியைப் படுக்க வைத்தது. கொட்டிய இடங்களைக் கழுவியது. குளத்து நீரில் துணியை நனைத்துப் போட்டது. குட்டி "அம்மா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "அம்மா" என்றது. இரண்டாவது குரல் கரகரவென்று வந்தது.

நாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டை உள்ளே வீங்குகிறது! இதற்கு என்ன மருந்து என்பதும் அதற்குத் தெரியும். சிவப்புக் குடுக்கை! ஒரு காட்டுப்பன்றிக்கு வஞ்சி அதிலிருந்து பத்துச் சொட்டு விட்டதைப் பார்த்திருக்கிறது. ஆனால் இத்தனை சின்னக் குட்டிக்கு எத்தனை சொட்டு?

"நிக்கிறீங்களே! மருந்து குடுங்களேன்!" என்று தாய் அலறியது.

"எனக்கு அளவு தெரியாதும்மா" என்றது நாச்சி.

மருத மரக் கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை நாச்சி உடனே கூப்பிட்டது. "பறந்து போய் வஞ்சி அக்காவைக் கூட்டிட்டு வா! கதண்டு கொட்டினது, தொண்டை அடைக்குதுன்னு சொல்லு!" பிறகு குட்டியின் தலையை நிமிர்த்தி, மூச்சுப் போக வழி செய்து, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு மூச்சாக எண்ணியது. குட்டியின் உதடு நீலமாகத் தொடங்கியது.

வஞ்சி வந்து இறங்கியது. சிவப்புக் குடுக்கையை எடுத்து மூன்றே மூன்று சொட்டு விட்டது. கொஞ்ச நேரத்தில் குட்டியின் மூச்சு சீரானது. தாய் தரையில் விழுந்து அழுதது.

"தொண்டை அடைக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று வஞ்சி கேட்டது.

"குரல் மாறிச்சு அக்கா."

"நல்லவேளை சொல்லி அனுப்பினே! நல்லவேளை, நீயா ஊத்தவும் இல்லை. காட்டுப்பன்றிக்கு விட்ட மாதிரி பத்துச் சொட்டு உள்ளே போயிருந்தா இதயம் நின்னிருக்கும்."

நாச்சி தன் கைகளைப் பார்த்தது. குட்டியின் தலையைப் பிடித்த கைகள். மூன்று சொட்டு என்பது தெரியாததால் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் இருந்த கைகள்.

"அக்கா, பள்ளி எப்போ திறக்குது?" என்று கேட்டது நாச்சி. இந்த முறை அது சுருளவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னதும், "போயிட்டு வா. குட்டிங்களை நான் பார்த்துக்கிறேன். ஈசல் வறுக்க எனக்குத் தெரியாதா என்ன?" என்றது ஆண் முள்ளெலி. முதல் மழை விழுந்ததும் நாச்சி ஆற்றைக் கடந்தது.

பள்ளி நாச்சி நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஆசிரியர் எறும்பு தின்னும் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், பேச்செல்லாம் பாடம். கூடப் படித்தவை எல்லாம் இளம் அணில்களும் குருவிகளும். ஒரு தடவை கேட்டதை அவை அப்படியே திருப்பிச் சொல்லும். நாச்சி பத்து தடவை படித்தாலும் பதினோராவது தடவை மறந்துவிடும்.

முதல் தேர்வு வந்தது. 'தோல் எதற்கு?' என்று ஒரு கேள்வி. நாச்சி வெற்று இலையைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தது. அந்தத் தேர்வில் தோற்றது அது ஒன்றுதான்.

மறுநாள் தொப்பையன் வந்து நின்றது. "தோத்துட்டியாமே! நான் அப்பவே சொன்னேன். அது போகட்டும். உன் குட்டிங்க ரெண்டுக்கும் காய்ச்சல்! 'அம்மா, அம்மா'ன்னு ஒரே அழுகை! கிளம்பு!"

நாச்சி மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. ஆற்றங்கரை வந்தது. ஓடிக்கொண்டே நாச்சி கேட்டது: "காய்ச்சல் எப்போ இருந்து?"

"அது... நேத்துல இருந்து."

"விட்டு விட்டு வருதா, நின்னு காயுதா?"

"விட்டு விட்டு... நின்னும் காயுது."

"ரெண்டுக்குமேவா? ஏதாவது சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது! நேத்து கூட ஒரு கிண்ணம் ஈசல்..." தொப்பையன் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

நாச்சி நின்றது. ஆயிரம் நோயாளிகளைக் கேள்வி கேட்ட செவிலி அல்லவா அது! "தொப்பையா! குட்டிங்களுக்கு ஒண்ணும் இல்லை. உண்மையைச் சொல்லு!"

தொப்பையன் தலையைத் தொங்கப் போட்டது. பிறகு தன் இரண்டு கைகளையும் நீட்டியது. உள்ளங்கை முழுக்க வெந்து, சிவந்து, சீழ் கோத்திருந்தது. "நீ போனதுல இருந்து துணி எல்லாம் நான்தான் துவைக்கிறேன். தாங்க முடியலை நாச்சி. நீ திரும்பி வந்துட்டா போதும்னுதான் பொய் சொன்னேன்."

நாச்சிக்குக் கோபம் வந்தது. ஆனால் கைகளைப் பார்த்ததும் கோபத்துக்கு முன்னால் வேலை வந்து நின்றது. அந்தக் கைகளை ஆற்று நீரில் கழுவியது. "துணி துவைக்கிற சாம்பல் தண்ணியிலயே ஊறிக் கிடக்காதே! சாம்பல் தண்ணி மேல்தோலைத் தின்னுடும். தோல்தான் நமக்கு வேலி. வேலி போனா அழுக்கு உள்ளே இறங்கும், சீழ் வைக்கும். துவைச்சதும் நல்ல தண்ணியில கழுவு, காய விடு, அப்புறம் புங்க எண்ணெய்..."

நாச்சி பாதியில் நிறுத்தியது. தோல் எதற்கு? அந்தக் கேள்வி! தேர்வில் ஒரு வரி வரவில்லை. இப்போது கண் முன்னால் வெந்த கையோடு ஓர் ஆள் நின்றதும் மடைதிறந்தாற்போல் வருகிறதே!

'நான் மக்கு இல்லை. வெறும் வார்த்தையாகப் படித்தால் எனக்கு ஏறாது. யாருக்கு என்று நினைத்துப் படித்தால் ஏறும்!'

"நீ ஊருக்குப் போ தொப்பையா. வஞ்சி அக்காகிட்ட கையைக் காட்டு. துணி துவைக்க இன்னொரு ஆள் வேணும்னு வாய் திறந்து கேளு!" என்று சொல்லிவிட்டு நாச்சி பள்ளியைப் பார்த்துத் திரும்பி நடந்தது.

அன்றிலிருந்து நாச்சி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முகத்தைத் தேடியது. எலும்பு முறிவா? மரத்திலிருந்து விழுந்த கருமந்தி. நீரிழப்பா? பங்குனி வெயிலில் சுருண்ட காட்டுமுயல். நஞ்சு முறிவா? மூன்று சொட்டு, கேளையாட்டுக் குட்டி. பாடம் படிக்கும்போதே ஏழு வருடம் பார்த்த நோயாளிகள் எல்லாரும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அணில்களுக்கு வார்த்தை தெரிந்தது. வாந்திக்கு முன்னால் நோயாளியின் முகம் எப்படிப் போகும் என்பது நாச்சிக்குத்தான் தெரிந்தது. சீக்கிரமே அணில்கள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாச்சியிடம் வரத் தொடங்கின.

கடைசித் தேர்வு நாள். கேள்வி கேட்க ஐந்து தேர்வாளர்கள் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வியிலேயே நாச்சிக்கு உடம்பு நடுங்கியது. பந்தாகச் சுருண்டுவிட்டது!

ஒரு தேர்வாளர் சிரித்தார். அழுங்கு ஆசிரியர் மட்டும், "அவசரம் இல்லை. விரிஞ்சு வந்து சொல்லலாம். காத்திருக்கோம்" என்றார்.

பந்துக்குள்ளே இருட்டாக இருந்தது. நாச்சி முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டது. பயம் போகவில்லை. நடுங்கிக்கொண்டேதான் விரிந்தது. நடுங்கிக்கொண்டேதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது.

பதினோரு பேரில் நாச்சி ஏழாவதாகத் தேறியது. முதலாவது ஓர் அணில். நாச்சிக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் அது மருத மரத்தடிக்குத் திரும்பியது. அன்றைக்கே ஒரு காட்டுப்பூனையைக் கூட்டிக்கொண்டு அதன் மனைவி வந்தது. பூனையின் உடம்பு அனலாகக் கொதித்தது. வஞ்சி வேறொரு நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "நீ பாரு நாச்சி" என்றது.

நாச்சி கேள்விகளைக் கேட்டது. எடையைப் பார்த்தது. குடுக்கையைத் திறந்தது. சொட்டுகளை எண்ணி, சரிதானா என்று மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்துக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் காட்டுப்பூனைக்கு வியர்த்தது. கண்ணைத் திறந்து, "பசிக்குது!" என்றது.

"உங்க பேரு என்னம்மா?" என்று அதன் மனைவி கேட்டது.

"நாச்சி" என்றது முள்ளெலி. கொஞ்சம் தயங்கி, நிமிர்ந்து சொன்னது: "பதிவுச் செவிலி நாச்சி."

பயம் போன பிறகு படிக்கலாம் என்று இருப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார். யாருக்காகப் படிக்கிறோம் என்பதை மனத்தில் வைத்தவரோ பயத்தோடே நடந்தும் மேலே போய்ச் சேருவார்.